ஒடித்துப் பார்க்கும் முன்: வெள்ளை வில்லோவும் கிராக் வில்லோவும்

கிரிக்கெட் மட்டை வாங்கக் கடைக்குப் போனவர்களுக்கு ‘இங்கிலீஷ் வில்லோ’, ‘காஷ்மீர் வில்லோ’ என்ற பெயர்கள் பழக்கம். முதலாவதின் விலையைக் கேட்டதும் இரண்டாவதைக் கையில் எடுத்தவர்களும் உண்டு. பெயர்தான் இரண்டு. இரண்டுமே வெள்ளை வில்லோ என்ற ஒரே இனம், மண்தான் வேறு. உண்மையிலேயே வேறான இன்னொரு வில்லோ, இங்கிலாந்தின் ஆறுகள் நெடுகிலும் இதன் பக்கத்திலேயே நிற்கிறது. மட்டைக்கு ஆகாத அந்த மரத்தின் பெயர் கிராக் வில்லோ. ‘கிராக்’ என்பது அதன் கிளை ஒடியும்போது எழும் ஓசை.

தாவரவியல் பெயர்களும் அதையே சொல்கின்றன. சாலிக்ஸ் ஆல்பா என்றால் வெள்ளை வில்லோ. சாலிக்ஸ் ஃபிராஜிலிஸ் என்றால் எளிதில் ஒடியும் வில்லோ. இரண்டு பெயர்களையும் 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தார். ஒன்று வெள்ளையாக இருக்கும், மற்றொன்று ஒடியும். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் தொடக்கத்தில் நானும் நினைத்தேன்.

என் முதல் இரண்டு கோடைக்காலங்கள் அந்த நினைப்பிலேயே வீணாயின. ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டித் தேம்ஸ் நதிக்கரையில் நடப்பேன். கைக்கு எட்டிய குச்சியை ஒடிப்பேன். சடக்கென்று ஒடிந்தால் ‘கிராக்’ என்று குறிப்பேட்டில் எழுதுவேன். ஏறக்குறைய எல்லா மரமும் கிராக் ஆகிவிட்டது. காய்ந்த குச்சி எந்த மரத்திலும் சடக்கென்றுதான் ஒடியும் என்பது அப்போது உறைக்கவில்லை. கீழே ஒடிக்கும் சோதனையை நான்காவதாக வைத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

வேண்டிய கருவிகள் குறைவு: பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 15 செ.மீ. அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு குறிப்பேடு. முதல் முறை போவதற்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நல்லவை. அப்போது இலைகள் முழு வளர்ச்சி பெற்றிருக்கும்.

முதலில், இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மரமா?

ஆற்றங்கரையில் நிற்பதெல்லாம் வில்லோ அல்ல. சந்தேகம் வந்தால் மொட்டைப் பாருங்கள். வில்லோ மொட்டை மூடியிருப்பது ஒரே ஒரு செதில். குல்லா மாட்டியதுபோல் இருக்கும். பக்கத்தில் நிற்கக்கூடிய பாப்லர் மரத்தின் மொட்டில் செதில்கள் பல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

அடுத்து, நமக்கு வேண்டாத வில்லோக்களைக் கழிக்க வேண்டும். முட்டை வடிவ இலை என்றால் அது கோட் வில்லோவோ அதன் உறவோ, விட்டுவிடலாம். கிளைகள் தரையைத் தொடும்படி தொங்கினால் பூங்காக்களில் நடும் அழுகை வில்லோ. இலை அகலமாய், பளபளவென்று, கசக்கினால் நறுமணத்துடன் இருந்தால் பே வில்லோ. அது வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும்தான் அதிகம். அடிமரத்தின் பட்டை செதில் செதிலாக உரிந்தால் ஆல்மண்ட் வில்லோ.

புதியவர்களை மிகவும் ஏமாற்றுவது கூடை பின்னப் பயன்படும் ஓசியர். அதன் இலை நீண்டு ஒடுங்கியது, அடிப்புறம் வெள்ளி நிறம். பார்த்தவுடன் ‘வெள்ளை வில்லோ’ என்று மனம் துள்ளும். இலை விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஓசியர் விளிம்பில் பற்கள் கிடையாது, விளிம்பு சற்றே கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். நாம் தேடும் இரண்டு மரங்களின் இலைகளிலும் பற்கள் உண்டு. தவிர, ஓசியர் பெரும்பாலும் புதராகவே நிற்கும்.

நம் ஊரிலும் வில்லோ உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் கரையில் நிற்கும் ஆற்றுப்பாலை இதே சாலிக்ஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பூக்களைப் பார்த்தவுடன் உறவு தெரிந்துவிடும்.

தூரத்திலிருந்து பாருங்கள்

மரத்தின் அடியில் போய் நின்றுவிட்டால் நிறம் தெரியாது. எதிர்க்கரையிலிருந்து பாருங்கள், அதுவும் கொஞ்சம் காற்று வீசும் நாளில். வெள்ளை வில்லோவின் இலைகள் காற்றில் புரளும்போது மரம் முழுவதும் வெளிறிச் சாம்பல் வெள்ளியாக மின்னும். கிராக் வில்லோ எவ்வளவு காற்றடித்தாலும் பச்சையாகவே நிற்கும். பளிச்சென்ற, கொஞ்சம் எண்ணெய் தடவியது போன்ற பச்சை.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. வெள்ளை வில்லோவின் கிளைகள் மேல்நோக்கிப் போகும். மரம் 25 மீட்டரையும் தாண்டி உயரும். கிராக் வில்லோ அகலத்தில் பரவும் மரம். வயதான ஒன்றைப் பார்த்தால் ஏதோ ஒரு கிளை பிளந்து தண்ணீரில் சாய்ந்து கிடக்கும்; சாய்ந்த இடத்திலேயே வேர்விட்டு மறுபடி நிமிர்ந்து வளர்ந்துகொண்டும் இருக்கும்.

ஆனால் தேம்ஸ் கரையிலும் கேம்பிரிட்ஜின் கேம் நதிக்கரையிலும் வடிவத்தை நம்ப முடியாது. அங்கே பல மரங்களுக்குத் தலையில் மொட்டையடித்திருப்பார்கள். தரையிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டால், வெட்டிய இடத்திலிருந்து புதுக் கிளைகள் கற்றையாகப் பொங்கி வரும். அடியில் மேயும் மாடுகளுக்கு அவை எட்டா. விறகுக்கும் வேலிக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிக்கொள்ளலாம். தடித்த உடம்பும் பரட்டைத் தலையுமாக நிற்கும் அந்த மரங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். அங்கே நிறத்தையும் இலையையும்தான் நம்ப வேண்டும்.

இலையை அளந்து பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. எந்த இலையைப் பறிக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. அடிமரத்திலிருந்து பீறிட்டு வரும் இளந்தளிர்க் கிளைகளில் இலைகள் இயல்பைவிடப் பெரிதாக இருக்கும், அவை வேண்டாம். கிளை நுனியில் இப்போதுதான் விரிந்த இலையும் வேண்டாம். வெயில் படும் சாதாரணக் கிளை ஒன்றின் நடுப்பகுதியில் முற்றிய இலைகள் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நீள அகலம் முதலில். வெள்ளை வில்லோ இலை 5 முதல் 10 செ.மீ. நீளம், அகலம் அரை முதல் ஒன்றரை செ.மீ. கிராக் வில்லோ இலை 9 முதல் 15 செ.மீ. நீளம், அகலம் ஒன்றரை முதல் 3 செ.மீ. இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் உங்கள் இலை விழுந்தால் கவலைப்பட வேண்டாம். இன்னும் வேலை இருக்கிறது.

இலையைத் திருப்பி, லென்ஸ் வழியாக அடிப்புறத்தைப் பாருங்கள். வெள்ளை வில்லோவில் பட்டு நூல் போன்ற மெல்லிய மயிர்கள் ஒரே திசையில் படிந்து கிடக்கும். அந்த மரத்தின் வெள்ளை நிறம் முழுவதும் இந்த மயிர்களின் வேலைதான். கிராக் வில்லோவின் முற்றிய இலையில் மயிர் இருக்காது. மேற்புறம் பளபளக்கும், அடிப்புறம் வெளிறிய பச்சையாக வழுவழுவென்று இருக்கும். ‘முற்றிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கிராக் வில்லோவின் தளிரிலும் வசந்த காலத்தில் கொஞ்சம் மயிர் உண்டு, பிறகு உதிர்ந்துவிடும். ஏப்ரல் மாதத்தில் லென்ஸும் கையுமாகப் போய்த் தவறாக எழுதிவருகிறவர்கள் அதில்தான் விழுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான பொறியும் ஒன்று உண்டு. மட்டைக்காக எஸ்ஸெக்ஸ், சஃபோக் பகுதிகளில் வரிசையாக நடும் வில்லோ, வெள்ளை வில்லோவின் ஒரு வகை; பெயர் செருலியா. அதன் இலை நீலம் பாய்ந்த சாம்பல் பச்சை. கோடை ஏற ஏற அதன் மயிர் குறைந்துவிடும். மயிர் இல்லையே என்று அதைக் கிராக் வில்லோவில் சேர்த்துவிட்டால், மட்டை செய்கிறவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பற்கள். வெள்ளை வில்லோவின் பற்கள் நுண்ணியவை, நெருக்கமானவை; லென்ஸ் இல்லாமல் எண்ணுவது கடினம். கிராக் வில்லோவின் பற்கள் பெரியவை, அவற்றுக்கிடையே இடைவெளி அதிகம், வெறுங்கண்ணுக்கே தெரியும். நுனியையும் பாருங்கள்: கிராக் வில்லோவின் நுனி நீளமாக இழுபட்டு, பெரும்பாலும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் கோணியிருக்கும். எனக்கு இந்தக் கோணல் மிகவும் பிடித்த அடையாளம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படகில் போகும்போதுகூடத் தெரியும்.

கடைசியாகக் காம்பு. இலைத்தாள் தொடங்கும் இடத்தில், காம்பின் உச்சியில், கிராக் வில்லோவுக்குப் பெரும்பாலும் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும், கடுகைவிடச் சிறியவை. வெள்ளை வில்லோவில் அவை இருக்காது, அல்லது இருப்பதே தெரியாத அளவில் இருக்கும்.

இலையில் பயற்றம்பருப்பு போலச் சிவந்த புடைப்புகள் தென்பட்டால் அவற்றை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை ஒருவகை ரம்பப்பூச்சி முட்டையிட்டதால் எழுந்த வீக்கங்கள். அந்தப் பூச்சி இரண்டு மரங்களையும் விடுவதில்லை.

இனி ஒடித்துப் பார்க்கலாம்

உயிருள்ள, போன ஆண்டு வளர்ந்த சிறு கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் பிடித்து வளைக்கக் கூடாது. அது தாய்க்கிளையோடு சேரும் மூட்டில் கட்டைவிரலை வைத்துப் பின்பக்கமாக அழுத்த வேண்டும். கிராக் வில்லோ என்றால் மூட்டிலேயே சுத்தமாகக் கழன்று வரும், ஓசையும் கேட்கும். முருங்கைக் கிளையில் ஏறி விழுந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வெள்ளை வில்லோ புளியம் விளார் போல வளைந்து கொடுக்கும். அழுத்தினால் நார் நாராகக் கிழியும், பட்டையும் கூடவே உரிந்து வரும். வசந்த காலத்தில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு மரத்தில் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். தனியார் நிலமாக இருந்தால் கேட்டுவிட்டு ஒடியுங்கள்.

இந்த ஒடியும் குணம் மரத்துக்கு ஒரு குறையாகத் தோன்றலாம். உண்மையில் அது மரத்தின் பிழைப்பு. நாம் முருங்கையையும் பூவரசையும் போத்து வெட்டி நடுகிறோமே, அந்த வேலையைக் கிராக் வில்லோவுக்கு ஆறு செய்து தருகிறது. புயலில் ஒடிந்த குச்சி நீரில் மிதந்து போய், எங்கோ கீழே சேற்றில் சிக்கி வேர்விடுகிறது. ஒரே கரையில் மைல் கணக்கில் நிற்கும் மரங்கள் ஒரே மரத்தின் துண்டுகளாக இருக்கலாம். வில்லோவில், பனையைப் போல, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நியூசிலாந்துக்குக் கொண்டுபோன கிராக் வில்லோ ஏறக்குறைய முழுவதும் ஆண் மரங்கள்தான். விதையின் உதவி இல்லாமல், குச்சிகளாலேயே அது அந்நாட்டு ஆறுகளை அடைத்துவிட்டது. அங்கே அதை இப்போது களையாகக் கருதி அழிக்கிறார்கள். ஒடித்த குச்சியை ஆற்றில் வீசாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். வீட்டுக்கு எடுத்துப்போய்க் காயவிடுங்கள்.

பூ

ஏப்ரல், மே மாதங்களில், இலைகள் விரியும்போதே பூங்கதிர்களும் வரும். ஆண் பூவைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம். இரண்டிலும் பூவுக்கு இரண்டு மகரந்தத் தாள்களே. பெண் கதிர் கிடைத்தால் லென்ஸில் பாருங்கள். வெள்ளை வில்லோவின் சூலகம் கதிரோடு ஒட்டி உட்கார்ந்ததுபோல் இருக்கும்; கிராக் வில்லோவில் ஒரு குட்டையான காம்பு தெரியும். தொடக்கக்காரருக்கு இவ்வளவு போதும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மரம்

இதுவரை சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் சில மரங்கள் பிடிபடாது. இலை நீளம் கிராக், மயிர் கொஞ்சம் வெள்ளை; குச்சி ஒடிகிறது, ஆனால் முழு மனதோடு ஒடியவில்லை. நான் பல மாதங்கள் என் கண்ணைத்தான் குறை சொன்னேன். குறை கண்ணில் இல்லை.

2009-இல் இரினா பெல்யாயெவா என்ற தாவரவியலாளர் லின்னேயஸின் ஃபிராஜிலிஸ் என்ற பெயர் உண்மையில் எந்த மரத்துக்கு உரியது என்று ஆராய்ந்தார். அது தனி இனத்துக்கு அல்ல, ஒரு கலப்பினத்துக்கே உரியது என்பது அவர் முடிவு. அதன் பெற்றோரில் ஒன்று நம் வெள்ளை வில்லோ. மற்றொன்று துருக்கியின் வடபகுதியிலும் காகசஸ் பக்கமும் இயல்பாக வளரும், எளிதில் ஒடியும் ஒரு மரம். அதற்கு அதுவரை தனிப்பெயர் இல்லாததால் அவர் சாலிக்ஸ் யூக்சைனா என்று பெயரிட்டார். கருங்கடலின் பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது அது. பிரிட்டனில் ‘கிராக் வில்லோ’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கலப்பினம்தான். ஆகவே புதிய புத்தகங்களில் ஃபிராஜிலிஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். பழைய புத்தகங்களில் அது இருக்காது. அவற்றில் கலப்பினத்துக்கு ரூபென்ஸ் என்ற வேறு பெயர் இருக்கும். கையில் இருக்கும் புத்தகம் 2009-க்கு முந்தியதா பிந்தியதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்; இல்லையென்றால் ஒரே மரத்துக்கு மூன்று பெயர் எழுதிவைப்பீர்கள்.

ஆக, நாம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது அண்டை வீட்டார் இருவரை அல்ல. பெற்றோரில் ஒருவரையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திச் சாயல் பார்க்கிறோம். பிள்ளைகளில் சிலவற்றுக்கு வெள்ளை வில்லோவின் சாயல் அதிகம், சிலவற்றுக்குக் கருங்கடல் பக்கத்துச் சாயல் அதிகம். போதாக்குறைக்கு, பிள்ளை மறுபடியும் வெள்ளை வில்லோவோடு கலக்கவும் கூடும்.

என் குறிப்பேட்டில் இப்போது ஒவ்வொரு மரத்துக்கும் ஐந்து விவரங்கள் எழுதுகிறேன்: தூரத்து நிறம், இலை அளவு, அடிப்புற மயிர், பல், ஒடிந்த விதம். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்தால் பெயர் எழுதுவேன். மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்தால் ‘கலப்பு, வெள்ளைச் சாயல்’ என்றோ ‘கலப்பு, கிராக் சாயல்’ என்றோ எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவேன்.

இலை உதிர்ந்த பிறகு

குளிர்காலத்தில் குச்சியும் மொட்டும்தான் கைவசம். வெள்ளை வில்லோவின் மொட்டு சிறியது, குச்சியோடு ஒட்டிப் படிந்தது, மயிருள்ளது. கிராக் வில்லோவின் மொட்டு பெரியது, மயிரற்றது. குச்சியும் மெருகேறியதுபோல் பளபளக்கும். தூரத்தில் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த நிறத்தில் குச்சிகள் கொழுந்துவிட்டு எரிவதுபோல் ஒரு மரம் தெரிந்தால், அது பெரும்பாலும் வெள்ளை வில்லோவின் தோட்ட வகையான விட்டெலினா.

பட்டையின் கசப்பைக் கொண்டு பிரிக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். முடியாது, இரண்டும் கசக்கும். அந்தக் கசப்பை நாக்கில் உணர்ந்துதான் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சிப்பிங் நார்ட்டனில், வில்லோப் பட்டையைக் காயவைத்துப் பொடித்து, குளிர்க்காய்ச்சல் கண்ட ஐம்பது பேர் அளவில் கொடுத்துப் பார்த்தார். 1763-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்பிரினுக்குப் போகும் நீண்ட பாதையில் அது ஒரு படி. நீங்கள் அதை வீட்டில் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம். குறிப்பாக ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள்.

நடுவதற்கோ அடியில் உட்காருவதற்கோ முன்

இரண்டுமே போத்தில் வரும். குளிர்காலத்தில் ஒரு முழம் நீளக் குச்சியை வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஈரத்தில் செருகினால் போதும். மட்டைக்கு வளர்ப்பவர்கள் ஆள் உயரத்தையும் தாண்டிய போத்துகளை நடுகிறார்கள். அடிமரத்தில் துளிர்க்கும் மொட்டுகளையெல்லாம் கையால் தேய்த்து நீக்கிக் கணு விழாமல் காக்கிறார்கள். 15 முதல் 20 ஆண்டுகளில் மரம் வெட்டுக்கு வரும். கோடைத் தொடக்கத்தில் ஒரு கிளையின் இலை மட்டும் திடீரென்று பழுப்பேறிக் கருகினால் அவர்கள் பயப்படுவது வாட்டர்மார்க் என்ற பாக்டீரியா நோய்க்கு. அது உள்மரத்தைக் கறையாக்கி மட்டைக்கு உதவாமல் செய்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டையுமே நடாதீர்கள். வேர் தண்ணீரைத் தேடி வெகுதூரம் போகும். களிமண் நிலத்தில் ஈரத்தை உறிஞ்சி அஸ்திவாரத்தையே இறங்க வைக்கும். வீட்டுக்கும் வில்லோவுக்கும் 40 மீட்டர் இடைவெளி என்று ஒரு கணக்கு பிரிட்டனில் வழங்குகிறது. சராசரி இங்கிலாந்து வீட்டின் பின்தோட்டத்தில் அந்த 40 மீட்டருக்கு எங்கே போவது!

ஆற்றங்கரையில் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்க நிழல் தேடும்போது இந்தப் பாடம் முழுவதும் ஒரே கேள்வியாகச் சுருங்கும். வெள்ளி மின்னும் மரம் என்றால் தாராளமாக உட்காரலாம். பச்சை மரம், வயதானது, பல ஆண்டுகளாக மொட்டையடிக்காமல் தலை கனத்தது, அன்றைக்குக் காற்றும் இருக்கிறது என்றால் நாலு தப்படி தள்ளிப் போய் வெயிலிலேயே சாப்பிடுங்கள்.